தவிடு போன வழி

"படிச்ச புள்ள பீச்சட்டி தூக்குமாடி?"

கங்காணியின் தங்கை என்னைப் பார்த்துக்கொண்டே என் அம்மாவிடம் கேட்டாள். அம்மாவை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன்.

"தூக்கும்ங்க. தூக்கிட்டுக் கைய சோப்புப் போட்டுக் கழுவவும் செய்யும்."

"சோப்புக்கு எங்கடி போவ? சப்பான்காரன் ஒனக்குன்னு தனியா அனுப்பி வைக்கிறானா?"

சோப்பைக் கண்ணால் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. வாழைச்சருகு சாம்பலில் கை கழுவிக்கொள்கிறேன் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட் பக்கம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்பா பால் மரம் வெட்டினார், அம்மா புல் வெட்டினாள், அவர்களுடைய அப்பா அம்மாவும் அதையேதான் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆறாவது முடித்தவள் நான் ஒருத்தி. முடித்த கையோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் மருந்து கொடுத்த டிரஸ்ஸருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கவும், மருந்துப் புட்டிகளில் பெயர் ஒட்டவும் போனேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று டிரஸ்ஸர் சொல்வார். அது பொய்யில்லை. ஜப்பான்காரர்கள் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடினார், மருந்தெல்லாம் லாரியில் ஏறிப் போனது, டிரஸ்ஸரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டிய ஆஸ்பத்திரி வாசலில் ஆடு கட்டினார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் என்கிற பெயர் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி ஆள் அனுப்பினார்.

படுக்கையில் கிடந்தது அவருடைய மனைவி. நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. மழைக் காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து, காய்ச்சல் போயும் கால்கள் திரும்பி வரவில்லை. எழுந்து நின்றால் முழங்கால் மடிந்தது. எல்லாரும் அவரைக் கங்காணியம்மா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்து ஆட்கள் காட்டுக்குப் போன பிறகு போவேன். முதலில் சட்டியை எடுத்துக் கொட்டிக் கழுவுவேன். வெந்நீரில் துணியை நனைத்து முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று துடைப்பேன். ஒரு பக்கம் துடைக்கும்போது மறுபக்கம் போர்த்தியிருக்க வேண்டும். உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து போடக் கூடாது. இதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன். என்னைத் திறந்து போட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் போதும். பிறகு அவரைப் புரட்டிவிட்டு இடுப்பெலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவந்திருந்தால் பழைய சீலையைச் சுருட்டி அண்டை கொடுப்பேன். கிழிந்த சீலைத் துண்டுகளைச் சாம்பல் நீரில் கொதிக்க வைத்து வெயிலில் போடுவேன். கஞ்சி வைத்து, அவசரப்படாமல் கரண்டி கரண்டியாகக் கொடுப்பேன். அந்த வீட்டில் காதில் விழுந்ததை கூலி வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்துக்குக் கொண்டுபோக மாட்டேன். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். என் அம்மாவே தினமும் வாயைக் கிளறிப் பார்ப்பாள்.

கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தபோது கங்காணி வீட்டில் மட்டும் நெல் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த மலாய்க்காரர்களிடம் மனைவியின் பட்டுச்சீலைகளைக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். அதை உரலில் குத்தி அரிசியாக்குவதும் என் வேலை.

"நோயாளிக்கு வெள்ளக் கஞ்சிதான் பத்தியம்," என்றாள் கங்காணியின் தங்கை. "வேற ஒண்ணும் வாயில படக் கூடாது. பழுப்பா இருந்துச்சோ, அப்பிடியே ஒந்தலையில கொட்டுவேன்."

அவள் என் தலையில் கொட்டுவதற்கு இடம் கொடுக்காமல் செய்தேன். ஒரு முறை குத்தினால் போதும் என்கிற நெல்லை மூன்று முறை குத்தினேன். சலித்துச் சலித்துக் கடைசித் தூசி தவிடு வரை போக்கினேன். பிறகு நீர் கண்ணாடி மாதிரி தெளியும்வரை நாலு தண்ணீரில் கழுவினேன். சுத்தமே சுகம் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். மல்லிகைப் பூ மாதிரி இருந்த அந்த அரிசியை நானே கையில் அள்ளி அழகு பார்ப்பேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

தவிட்டையும் கழுநீரையும் பால்காரம்மா வந்து வாங்கிப் போவாள். லயத்துக் கோடியில் தனியாக இருந்த தகரக் கொட்டகை அவளுடையது. ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோன புருஷன் திரும்பவில்லை, மூன்று பெண்பிள்ளைகள். மாட்டுக்கு வேண்டும் என்று பானையோடு நிற்பாள். அள்ளிக் கொடுத்துவிடுவேன்.

நான் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு காலை கங்காணியம்மாவின் காலைத் துடைக்கும்போது என் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. மறு காலிலும் அழுத்திப் பார்த்தேன். அங்கும் குழி. மாவில் விரல் வைத்த மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு நூலை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி, நூலின் இரு பக்கமும் சேரும் இடத்தில் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். முதல் முடிச்சு மறுநாள் எட்டவில்லை. இன்னொரு முடிச்சுப் போட்டேன். அடுத்த நாள் அதுவும் எட்டவில்லை. ஒரு வாரத்தில் நூலில் ஆறு முடிச்சு. வீக்கம் முழங்காலைத் தாண்டியது. குரல் கரகரத்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரைப் படுக்க வைக்கவே முடியவில்லை. மூன்று தலையணையும் ஒரு கோணிமூட்டையும் அண்டை கொடுத்து உட்கார வைத்தேன். நெஞ்சு அடித்துக்கொள்வது ரவிக்கைக்கு மேலே தெரிந்தது.

"இவ வந்த பொறவுதாண்ணே வீங்குது," என்று கங்காணியின் தங்கை எனக்குக் கேட்கவே சொன்னாள். "காய்ச்ச போய் நல்லாத்தான் இருந்தாங்க. இவ கை பட்டுச்சு, பானையாட்டம் ஆயிட்டாங்க."

கங்காணி என்னைப் பார்த்தார். அவர் பெரிய மீசைக்காரர், அதிகம் பேசாதவர். யாரைக் காட்டுக்கு அனுப்புவது, யாரைச் சயாமுக்குப் பெயர் கொடுப்பது என்பதெல்லாம் அவர் வாயில் இருந்த காலம் அது.

"என்னா செய்யிது இவளுக்கு?" என்றார்.

"தெரியலீங்க," என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் அவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை.

"படிச்சவதானே நீ?"

துடைக்கும் துணியை மறுபடியும் வெந்நீரில் நனைத்தேன்.

இந்த மாதிரி வீக்கத்தை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பெரிபெரி என்று சீட்டில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதெல்லாம் பக்கத்து ஈயச் சுரங்கத்துச் சீனர்களுக்கு வந்தது. நம் ஆட்களுக்கு அது வராது என்று டிரஸ்ஸரே சொல்வார். வராது என்று அவர் சொன்னதை வேதமாக வைத்துக்கொண்டு, ஏன் வராது என்று ஒரு நாளும் கேட்காமல் இருந்தேன். குளிரால் வந்த நீர் என்று நினைத்தேன், உப்பால் வந்தது என்று நினைத்தேன். கஞ்சியை இன்னும் நீர்க்க வைத்தேன். அரிசியை இன்னும் ஒரு தண்ணீர் கூடக் கழுவினேன்.

கொஞ்சம் பாலாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பால்காரம்மாவிடம் கேட்டால் மாடு வத்திப் போச்சு என்பாள். ஒரு அரைக்கால்படிகூடவா கிடைக்காது என்று ஒரு பகல் நானே செம்பை எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனேன்.

மாடு இல்லை. கட்டுத்தறி இருந்தது, கயிறு தொங்கியது. தரையில் கிடந்த சாணி காய்ந்து வறட்டியாகி, அதன் மேல் புல் முளைத்திருந்தது. அடுப்பின் பக்கத்தில் மூன்று பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து ஆளுக்கொரு அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பழுப்பு நிற அடை. தட்டில் நான் சலித்த தவிடு, மரவள்ளிக் கொழுந்தோடு பிசைந்து வைத்திருந்தது.

பால்காரம்மா என்னைப் பார்த்ததும் தட்டை முந்தானையால் மூடினாள்.

"மாடு எங்கே?" என்றேன்.

"புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. மழைக்கு முன்னாடியே. ரெண்டு சப்பான்காரன், ஒரு போலீசுத் தொப்பிக்காரன்."

"அப்பிடின்னா இத்தனை நாளா தவிடு..."

"மாட்டுக்குன்னாத்தான் குடுப்பாங்க, ஆயி. எம்புள்ளைங்களுக்குன்னு கேட்டா அந்த நாத்தனா கெழவி குடுப்பாளா?" சட்டென்று என் கையைப் பிடித்தாள். "சொல்லிடாத. ஒனக்குப் புண்ணியமாப் போவும். இத நிறுத்திட்டா இதுங்க செத்துப் போவும். நடுவுலவள பாரு, ரெண்டு மாசத்துக்கு முந்தி காலு தூணாட்டம் வீங்கி நடக்க முடியாம கெடந்தா. இதத் திங்க ஆரம்பிச்ச பொறவுதான் வத்துச்சு."

நடுப்பிள்ளையின் காலைப் பிடித்து அழுத்தினேன். அவள் கூச்சத்தில் சிரித்தாள். சதை உடனே எழும்பியது. குழி இல்லை.

அங்கேயே செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. சண்டைக்கு முன்னால் ஒரு முறை தோட்டத்துக் கடைக்குத் தீட்டிய பச்சரிசி மூட்டை வந்தபோது டிரஸ்ஸர் கோபப்பட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார். சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்: ஆட்களுக்கு ரங்கூன் புழுங்கலரிசியே வேண்டும், இந்த வெள்ளை அரிசி போட்டால் கால் வீங்கும், அரிசியின் மேல்தோலில்தான் சத்து இருக்கிறது. ஒரு பிழையில்லாமல் எழுதி, கீழே கோடும் போட்டேன். கோடு நேராக வந்ததா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

நம் ஆட்களுக்கு ஏன் வராது என்பதற்கும் பதில் அதுதான். அப்போது புழுங்கலரிசி தின்றோம். இப்போது அது இல்லை. எப்படியோ கிடைத்த நெல்லில் இருந்த சத்தையும் நான் மூன்று முறை குத்தி, சலித்து, நாலு தண்ணீரில் கழுவி, பானை பானையாக வெளியே அனுப்பினேன். இந்தப் பிள்ளைகள் அதைத் தின்று எழுந்துவிட்டார்கள். அந்த அம்மா மல்லிகைப்பூச் சோறு தின்று மூச்சு முட்டுகிறார்.

கங்காணியம்மாவின் நாத்தனாரிடம் போய்ச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். கொட்டகையைச் சொன்னால் பால்காரம்மா பிள்ளைகளுக்குத் தவிடு நின்றுவிடும். அந்த அம்மாவுக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை. காலையில் நூலில் ஒன்பதாவது முடிச்சுப் போட்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் கங்காணியம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவருடைய உடம்பு அல்லவா.

"ஒங்களுக்கு வீங்குறது என்னாலதான்ங்க," என்றேன். அரிசியைப் பற்றிச் சொன்னேன். சீட்டைப் பற்றியும் சொன்னேன். கொட்டகையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "தவிட்டத் தின்னா... போயிடுமா?"

"போயிடும்னு நெனைக்கிறேன். சத்தியமாத் தெரியாது."

"வெள்ளையா இருக்கு வெள்ளையா இருக்குன்னு... காட்டிக் காட்டி ஊட்டுனியேடி."

"ஆமாங்க."

பிறகு, "எடுத்துட்டு வா," என்றார்.

அன்று குத்தியதில் சலித்த தவிடு முறத்தில் இருந்தது. அதைச் சட்டியில் வாசனை வர வறுத்து, வெந்நீரில் கரைத்து, ஒரு கல் உப்புப் போட்டுக் கிண்ணத்தில் எடுத்துப் போனேன். முதல் கரண்டி வாய்க்குப் போகும்போது நாத்தனார் வந்துவிட்டாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி கிண்ணம் சுவரில் மோதி உருண்டது.

"அண்ணே! அண்ணே, இங்க வந்து பாருங்க! மாட்டுத் தீனியக் கரைச்சு ஊட்டுறா ஒங்க பொண்டாட்டிக்கு! கங்காணி ஊட்டுல பொறந்தவளா இவ, லயத்துல பொறந்த புத்தி எங்க போவும்?"

கங்காணி உள்ளே வந்தார். சுவரில் பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது. என் சீலையிலும் தெறித்திருந்தது.

"யாரு சொன்னா இப்பிடிக் குடுக்கச் சொல்லி?" என்றார்.

"டிரஸ்ஸர் எழுதச் சொன்னாருங்க, முன்னாடி. அந்தச் சீட்ட எழுதுனது நாந்தான்."

"எழுதுனது நீ. அரிசியக் குத்துனதும் நீ."

"ஆமாங்க. ரெண்டும் நாந்தான். ஒரு வாரம் என் கையால ஊட்ட விடுங்க. காலு வத்தலேன்னா..." அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

"வத்தலேன்னா, சயாம் லிஸ்ட்டுல ஒங்கப்பன் பேரு ஏறும்," என்று அவர் முடித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

வேண்டாம், வெள்ளைக் கஞ்சியே கொடுக்கிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த அம்மா என் கண் முன்னால் மூச்சடைத்துப் போவார், அப்பாவுக்கு ஒன்றும் வராது. படுக்கையைப் பார்த்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார், வெறுங்கையை, கிண்ணத்துக்காக.

"சரிங்க," என்றேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு மூன்று முறை தவிட்டுக் கரைசல் கொடுத்தேன். அரிசியை ஒரே குத்தோடு நிறுத்தி, கழுவாமல் உலையில் போட்டேன். பழுப்புக் கஞ்சி. அதில் பயற்றங்கொழுந்தும் போட்டேன். முதல் நாள் வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தேன். இரண்டாம் நாள் நூல் பத்தாவது முடிச்சைக் கேட்டது. போட்டேன். முடிச்சு கோணலாக விழுந்தது.

"இன்னும் வாலு மொளைக்கலியா அண்ணி?" என்று நாத்தனார் வாசலிலிருந்து கேட்டாள்.

"மொளைச்சா... மொதல்ல ஒன்னத்தான் அடிப்பேன்," என்றார் கங்காணியம்மா.

தவிடு முழுவதும் இப்போது வீட்டுக்குள்ளேயே தீர்ந்தது. பால்காரம்மா இரண்டு நாளாகப் பானையோடு வந்து வெறும் பானையோடு போனாள். போகும்போது என் முகத்தைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவள் வந்தபோது கங்காணியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அவளுக்குப் பாதியக் குடு."

நாத்தனார் திரும்பினாள். "மாட்டுக்கு எதுக்கு இப்ப?"

"மாடு பசியா இருக்கும். மூணு கன்னுக்குட்டி இருக்கில்ல அதுக்கு." என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "படுத்துக் கெடக்கிறவளுக்குக் காது நல்லா கேக்கும்டி. மழைக்கு முன்னாடியிருந்து அந்த மாடு ஒரு சத்தமும் போடல."

நான் பாதியை அள்ளிப் போட்டேன். அவருடைய பங்கு குறைந்ததே என்று அன்று கஞ்சியில் இன்னொரு பிடி பயற்றங்கொழுந்து கூடப் போட்டேன்.

நான்காம் நாள் காலையில் சட்டியை எடுக்கப் போனால் தூக்க முடியவில்லை. உடம்பில் தேங்கிய நீர் இறங்கி விளிம்புவரை நிறைந்திருந்தது. பீச்சட்டியைப் பார்த்து அப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். அன்று மூன்று முறை கொட்டினேன். நூலை எடுத்துச் சுற்றினேன். பத்தாவது முடிச்சைத் தாண்டி நூல் தொங்கியது. அது நெகிழ்ந்து போயிருக்கும் என்று மறுபடியும் சுற்றினேன். ஒன்பதாவதும் தளர்ந்தது. ஏழாம் நாள் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றை எடுத்துவிட்டு மூச்சைப் பார்ப்பேன், பிறகு அடுத்தது. கடைசியில் கோணிமூட்டையும் போனது. அவர் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். நெஞ்சு அமைதியாக ஏறி இறங்கியது. அவர் தூங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிய வெகு நேரம் ஆனது.

கங்காணி கதவருகில் நின்று பார்த்தார். பிறகு வெளியே போனார். அப்பாவின் பெயர் எந்த லிஸ்ட்டிலும் ஏறவில்லை. நாத்தனார் அன்று மாலை எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தாள். பழுப்புச் சோறு. தட்டைக் கீழே வைத்த சத்தம் பக்கத்து லயத்துக்குக் கேட்டிருக்கும்.

கங்காணியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பேச்சு பரவிவிட்டது. சி ரூசா பக்கத்துத் தோட்டத்திலிருந்து கணக்கு எழுதும் கிராணி ஒருவருடைய வீட்டு ஆள் வந்து, கிராணியின் தம்பிக்கு வீக்கம், உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறது, பார்த்துக்கொள்ள வருவாயா என்று கேட்டார். மறுநாளே அவரோடு போனேன். வாசலில் என்னை வரவேற்று, நோயாளி இந்த அறையில் இருக்கிறார் என்று வழிகாட்டினார்கள்.

"இருங்க," என்றேன். "மொதல்ல எனக்கு அடுப்படியக் காட்டுங்க. நேத்து அரிசி கழுவுன தண்ணிய எங்க கொட்டுனீங்கன்னும் சொல்லுங்க."

அந்த வீட்டுப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். நான் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்கட்டுப் பக்கம் நடந்துவிட்டேன்.